நர்சம்மாவுக்கு நான் எழுதாமல் விட்ட வரி

மஞ்சள் உடம்பில் அரக்குக் கரை போட்ட ஒரு சேலை. கடைக்காரர் ஒட்டிய தாள்கூடக் கிழியாமல், மடிப்புக் கலையாமல், ஒரு பித்தளைத் தட்டில் இருந்தது. அந்தத் தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் முன்னால் வர, அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையாக நர்சம்மாவின் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தார்கள். துறையூரில் அந்தச் சந்து குறுகலானது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. கொல்லிமலையிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். வேனில் இடம் கிடைக்காதவர்கள் விடியும்போதே காட்டுப் பாதையில் நடந்து புளியஞ்சோலையில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்திருந்தார்கள். பெண்களின் சேலை ஓரமெல்லாம் ஈரம், ஒட்டுப்புல். நான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிக்கொண்டு போயிருந்த இரங்கல் உரையை மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்சம்மா கிறித்தவர். ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். தட்டோடு வந்த பெரியவர் கொல்லிமலையின் பிரிவுகளில் ஒன்றான எடப்புளி நாட்டில் ஒரு சின்ன ஊரின் ஊர்க்கவுண்டர். அவர் நேராக நர்சம்மாவின் மகனிடம் போய், "பொறந்த ஊட்டுக் கோடி போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். மகன் வெளியூரில் வேலை பார்ப்பவர். ஒன்றும் புரியாமல் விழித்தார். இறந்துபோன பெண்ணுக்கு அவள் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தும் புதுச் சேலை அது. அது விழாமல் எடுத்தால் நாதியில்லாமல் போனாள் என்று ஊர் பேசும். "அம்மா ஒரே பொண்ணுங்க. மாமான்னு யாரும் இல்லைங்க," என்றார் மகன். "தெரியுமுங்க. அதனாலதான் நாங்க வந்தமுங்க," என்றார் ஊர்க்கவுண்டர். ஃபாதர் புத்தகத்தை மூடிக்கொண்டு ஓரமாக நின்றார். ஊர்க்கவுண்டர் தாளைக் கிழித்துச் சேலையை விரித்து, பெட்டிக்குள் இருந்தவரின் கழுத்து வரை போர்த்திவிட்டார். மலைப் பெண்கள் வாய்விட்டு அழத் தொடங்கினார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது பொறாமை. மூடி மறைப்பதில் பயனில்லை. பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்த ஒரு பெண்மேல் எனக்கு அடிவயிறு எரிந்தது. கையில் இருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று நான் பேசவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கொல்லிமலை மேல் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன். 'மருந்தாளுநர்' என்று தலைக்கு மேல் பலகை தொங்கினாலும் எல்லோருக்கும் நான் கம்பவுண்டர்தான். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். மருந்து கொடுப்பது என் உத்தியோகம். என் பெருமை வேறு. மலையில் வேலை பார்த்த அரசு ஊழியர் யார் மாற்றலாகிப் போனாலும், ஓய்வு பெற்றாலும், அவருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடலை எழுதுவது நான்தான். "அன்பின் உறைவிடமே, பண்பின் பிறப்பிடமே" என்று தொடங்கினால் நான்கு பத்திக்கு நிற்காமல் ஓடும். ஒருமுறை அவசரத்தில், ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுநருக்கு எழுதியிருந்த மடலைப் பார்த்து ஒரு சுகாதார ஆய்வாளருக்கு எழுதினேன். ஒரு பத்தியை மாற்ற மறந்துவிட்டேன். "கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் உயிரைக் காத்த உத்தமரே" என்று மேடையில் ஒலிபெருக்கியில் வாசித்தபோதுதான் எனக்கே உறைத்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. யாரும் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு எழுதுவது இன்னும் சுலபமாகிவிட்டது.

நர்சம்மாவும் நானும் ஒரே மாதத்தில் மலைக்கு வந்தவர்கள். அவர் கிராமச் சுகாதாரச் செவிலியர். ஊர் ஊராக நடப்பது அவர் வேலை. நான் கம்பிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவன். அறைக்கு ஒரு ஜன்னல். அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. சீட்டு உள்ளே வரும், மாத்திரை வெளியே போகும். என் பொறாமை அந்த ஜன்னலில்தான் முளைத்தது. அவர் ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் மலைக்காரர்கள் என்னிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், எடைத் தராசு பக்கத்தில் நிற்கும் நர்சம்மாவிடம் பொட்டலத்தை நீட்டி, "இதைத் திங்கலாங்களா நர்சம்மா?" என்று கேட்பார்கள். அவர் பிரித்துப் பார்த்து, "திங்கலாம் கண்ணு, சோத்துக்கு அப்புறம்," என்பார். அதையேதான் நானும் சொல்லியிருப்பேன். என் வாயிலிருந்து வந்தால் செல்லாது, அவர் வாயிலிருந்து வந்தால் செல்லும். இரண்டு ஆண்டு படித்துப் பட்டயம் வாங்கியவன் நான். அந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது.

பலாவின் முதல் பழம் அவருக்கு. புதுச் சாமை குத்தியதும் ஒரு படி அவருக்கு. மழைக்காலம் முடிந்து மலைத்தேன் எடுத்தால் ஒரு புட்டி அவருக்கு. என் மேசைக்கு வருவது, கொண்டுவந்தவர் திரும்பத் தூக்கிப் போகச் சலித்துக்கொண்ட நாலு கொய்யா. பெரக்கரை நாடு வரைக்கும் நாலைந்து பெண்பிள்ளைகளுக்கு அவர் பெயர். என் பெயரை ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட யாரும் வைத்ததாகத் தகவல் இல்லை. என் மனைவி வருடத்தில் ஒரு மாதம் மலைக்கு வந்து தங்குவாள். "அந்தம்மா நடக்குது, நீங்க உக்காந்திருக்கீங்க. நடக்கற ஆளத்தான நாலு பேருக்குத் தெரியும்," என்பாள். "நடக்கறதா என் வேலை?" என்று கேட்பேன். "அப்ப வயிறு எரியறதுதான் உங்க வேலையா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஓர் ஐப்பசி மாதம், சந்தை நாள். மூன்று நாளாக விடாத மழை. ஜன்னலுக்கு வெளியே ஒரே குடைக்கூட்டம். அந்த நாட்களில் மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வரும்; எண்ணித் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். மதியம் காய்ச்சல் மாத்திரை டப்பா தீர்ந்தது. அலமாரியிலிருந்து புது டப்பாவை இறக்கி உடைத்தேன். அதற்கப்புறம் காய்ச்சலுக்கு வந்தது ஒரே ஒருத்தி. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, நனைந்த முக்காட்டோடு வந்த இளம்பெண். ஆறு மாத்திரை எண்ணிக் கட்டிக் கொடுத்தேன். வேளைக்கு ஒன்று என்றேன். கூட்டம் கலைந்த பிறகு, தன் துணைச் சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்க நர்சம்மா உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். "ஏனுங்க, இன்னிக்கு யாருக்குங்க சர்க்கரை மாத்திரை குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலீங்களே," என்றேன். அவர் டப்பாவை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் உடைத்தது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. காய்ச்சல் மாத்திரை டப்பா ஒட்டுப் பிரியாமல் அலமாரியிலேயே இருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். இரண்டு நாளாகச் சோறு இறங்காத பிள்ளைத்தாய்ச்சி அதை வேளைக்கு ஒன்றாக முழுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சீட்டைப் பார்த்து ஊரைத் தெரிந்துகொண்டார். பின்னாளில் கோடி கொண்டுவந்த அதே ஊர்க்கவுண்டரின் மருமகள். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மைல். பஸ் கிடையாது, நடுவில் ஓர் ஓடை. நர்சம்மா சரியான மாத்திரையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு குடையை எடுத்தார். "ஆஸ்பத்திரியப் பூட்டிட்டு நான் எப்படி வர்றதுங்க," என்றேன். என்னை வரச்சொல்லி அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் திரும்பி வந்தார். கெண்டைக்காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார். பிரித்து எண்ணினேன். ஐந்து இருந்தன. "ஒண்ணு முழுங்கியிருந்தா. நான் போறப்பக் கைகாலெல்லாம் வேர்த்துக் கெடந்தா. வெல்லத் தண்ணி குடுத்துக் குடுத்து ஒக்காந்திருந்தேன். இப்பக் கஞ்சி குடிச்சுட்டா. வயித்துப் புள்ளையும் ஒதைக்குது," என்றார். "ஊர்ல என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன். "நல்ல மாத்திரை புதுசா வந்திருக்குது, மாத்திக் குடுக்க வந்தேன்னு சொன்னேன். போயி டீ குடிச்சுட்டு வாங்க, மொகமே செத்துக் கெடக்குது," என்றார். டாக்டரிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அதைவிட மேலே ஏதேனும் நடந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கப் பயமாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மனிதனுக்கு நன்றி வர வேண்டும். எனக்கு எரிச்சல்தான் கூடியது. இதுவரை அவர் மலைக்காரர்களுக்கு மட்டும் நல்லவராக இருந்தார். இப்போது எனக்கும் நல்லவராகிவிட்டார். அது தாங்க முடியவில்லை. அவர் ஒருமுறையாவது குத்திக் காட்டியிருந்தால், கோபத்தில் ஒரு வார்த்தை விட்டிருந்தால், நானும் அவரும் சமமாகியிருப்போம். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதற்கப்புறமும் அவர் வரும் நாட்களில் பொட்டலங்களோடு மலைக்காரர்கள் பின்பக்கம் போனார்கள். "இதைத் திங்கலாங்களா?" என்ற கேள்வி ஜன்னல் வழியாக என் காதில் விழும்போதெல்லாம், கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துபோனது கூடுதல் வேதனை.

அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, சிறந்த ஊழியர் என்று ஒருவர் பெயரை மாவட்டத்துக்குப் பரிந்துரை செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. டாக்டர் யோசிக்கவே இல்லை, நர்சம்மா பெயரைச் சொன்னார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க, ஒரு பக்கம் எழுதிக் கொண்டாங்க," என்று என்னிடமே தந்தார். எழுதினேன். "கடமை தவறாதவர், காலம் பிசகாதவர், கனிவின் வடிவம், பொறுமையின் சிகரம்." ஒரு பக்கம் நிறைய எழுதினேன். பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் எந்த ஊருக்கு நடந்தார், எந்த ஓடையைத் தாண்டினார், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் படித்த அதிகாரி அதற்கு மேல் வேறு பெயரைத் தேடியிருக்க மாட்டார். அந்த வரியை எழுத என் பேனாவால் மட்டும்தான் முடியும். எழுதினால் என் கதையும் கூடவே வெளியே வரும். கத்தியில்லாமல் ஓர் ஆளைச் சாய்க்க வேண்டுமானால் இப்படிப் புகழ்ந்தால் போதும். பாராட்டு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் யாருக்கோ போனது. "நல்லாத்தானே எழுதியிருந்தீங்க," என்று டாக்டர் வருத்தப்பட்டார். நர்சம்மா சிரித்துக்கொண்டே தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அவர் ஓய்வு பெற்றபோது அவருக்கும் மடல் எழுதினேன். அன்பின் உறைவிடமே, பண்பின் பிறப்பிடமே. அதே நான்கு பத்தி. அதன் பிறகு நானும் ஓய்வு பெற்று ராசிபுரம் வந்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் அவரைப் பார்க்கவில்லை. சாவு வீட்டில்தான் அந்த மடலை மறுபடி பார்த்தேன். கூடத்துச் சுவரில், ஏசுநாதர் படத்துக்குக் கீழே, கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று தொங்கியது. "வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவாங்க. எங்க கம்பவுண்டர் எனக்கு எழுதினதுன்னு சொல்லுவாங்க," என்றார் அவர் மகன். நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றேன். சுகாதார ஆய்வாளர் கண்ணைத் துடைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வரவில்லை.

இருபது நாள் கழித்து ஒரு போன். "மடல் எழுதுனவருங்களா?" என்றது ஒரு குரல். கோடி கொண்டுவந்த ஊர்க்கவுண்டர். நர்சம்மாவின் முப்பதாம் நாளில் தங்கள் ஊரில் படத்திறப்பு வைத்திருப்பதாகவும், நல்ல தமிழில் பேச ஆள் வேண்டும் என்றும் சொன்னார். "நர்சம்மா ஊட்டுச் செவுத்துல தொங்குதுங்களே, அதை எங்க ஊருப் பையன் ஒருத்தன் போன்ல படம் புடிச்சுட்டு வந்தானுங்க. படிச்சுக் கேட்டமுங்க. அதை எழுதுனவரத்தான் கூப்புடோணும்னு ஊரே சொல்லுதுங்க." நம்பரை மகனிடம் வாங்கியிருக்கிறார். நான் அவர்கள் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தவன் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு நான் யாரோ கீழ்நாட்டுப் புலவன். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"செத்தவங்க மேலயுமா பொறாமை?" என்று என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள். அவளே தொடர்ந்தாள். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மலையில யாருக்குச் சொல்லி அனுப்பட்டும்? ஒரு பேரு சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்." அவள் கேலியாகத்தான் கேட்டாள். நான் நிஜமாகவே யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு தாள் எழுதினேன். ஒன்று வழக்கமானது, யாருக்கும் பொருந்தும். இன்னொன்றில் ஆறே வரி. ஐப்பசி மாதம், சந்தை நாள், ஆறு மாத்திரை. இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு மலை பஸ் ஏறினேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிகிற வரைக்கும் முதல் தாளைத்தான் படிப்பேன் என்று இருந்தேன். வாசித்தால் கை தட்டுவார்கள், சால்வை போடுவார்கள். இத்தனை ஆண்டில் அந்த மலை எனக்குத் தராத மரியாதையை ஒரு மத்தியானத்தில் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். இரண்டாவது தாளைப் படித்தால், நான் யார் என்று அவர்களுக்குத் தெரியவரும் அதே நொடியில் நான் என்ன செய்தேன் என்பதும் தெரியும். அந்த மாத்திரையை வாங்கியவள் ஊர்க்கவுண்டரின் மருமகள் வேறு. மேலே பஸ் மாறினேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்கும் பருவம். ஆனால் வழியில் ஒரு கிழங்குக் காட்டிலும் ஆள் இல்லை. என்ன என்று கண்டக்டரிடம் கேட்டேன். "இன்னிக்கு அந்தப் பக்கம் யாரும் மம்பட்டியத் தொட மாட்டாங்கங்க. நர்சம்மாவுக்குப் படம் தொறக்கறாங்க," என்றார். சொந்தத்தில் சாவு விழுந்தால்தான் அப்படி மண்ணைத் தொடாமல் இருப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாக ஆளில்லாத காடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். மறுபடியும் வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்து முன்னால் பந்தல். நர்சம்மாவின் படத்துக்குச் சாமந்தி மாலை. ஒலிபெருக்கியில் ஊர்க்கவுண்டர், "ராசிபுரத்துப் புலவரு நம்ம நர்சம்மாளப் பத்திப் பேசுவாருங்க," என்று அறிவித்தார். எழுந்து நின்றேன். இருநூறு பேர் இருக்கும். ஒரு முகமாவது என்னை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று தேடினேன். முன் வரிசையில் சில கிழவர்கள், வாரம் தவறாமல் என்னிடம் மாத்திரை வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள், மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு புலவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு வந்தது மனசாட்சி என்று சொன்னால் அது பொய். நான் இங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு வழியே இருக்கவில்லை.

"நான் புலவர் இல்லீங்க," என்றேன். "உங்க ஆஸ்பத்திரியில இருந்த கம்பவுண்டர்." அதற்கப்புறம் தாளைப் பார்க்கவில்லை. அந்த ஐப்பசி மாதச் சந்தை நாளைச் சொன்னேன். உடைத்த டப்பாவைச் சொன்னேன். இந்த ஊர் மருமகள் என்றேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததையும், நர்சம்மா குடையை எடுத்ததையும், மறுநாள் அவர் காலில் காய்ந்திருந்த ரத்தத்தையும் சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவர் உங்களிடம் ஒரு பொய் சொன்னார், அவருக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டை நான் எழுதிய எழுத்தால் கெடுத்தேன் என்றும் சொன்னேன். கல் வந்து விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். நான் என்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அத்தனை பேரும் அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்ததும் ஒரு கிழவி, "மவராசி," என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஊர்க்கவுண்டர் எனக்குச் சால்வை போர்த்தினார். வாங்கி வைத்துவிட்டார்கள், போர்த்தத்தானே வேண்டும். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பற்றி அவர் யோசிப்பதாகவே தெரியவில்லை.

பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் பரிமாறிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி என் இலைக்கு முன்னால் நின்றார். காதோரம் நரைத்திருந்தது. "ஏனுங்க, அன்னிக்கு மாத்திரை குடுத்தது நீங்கதானுங்களா? ஜன்னல்ல கை மட்டுந்தானுங்க தெரியும், மொகம் பாத்ததில்லீங்க," என்றார். ஊர்க்கவுண்டரின் மருமகள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "ஒக்காருங்க, சோத்து முன்னால எந்திரிக்கக் கூடாது," என்றார்.

"என்னை மன்னிச்சுக்கோணும்மா," என்றேன்.

"எதுக்குங்க? எனக்கு மாத்திரை நெனப்பே இல்லீங்க. நர்சம்மா வந்ததுதான் நெனப்பு. அதுக்கு முந்தி அவங்க எங்கூட்டு வாசப்படி ஏறுனதில்லீங்க. ஊசி போடோணும்னா பள்ளிக்கூடத்துல போட்டுட்டு அப்பிடியே போயிருவாங்க. அன்னிக்குத்தான் நனைஞ்சுக்கிட்டு வந்து, எம் மாமியா சேலைய வாங்கிக் கட்டிக்கிட்டு, அடுப்போரமா என்ற கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல கண்ணுன்னு சொன்னாங்க. எம் மாமனாரு காலையில கஞ்சி குடுக்கறப்ப, ஏன் தங்கச்சி அப்பிடிச் சொல்றே, நாங்க இல்லியான்னாரு. அப்புறம் எந்த வேலையா வந்தாலும் எங்கூட்டுலதானுங்க அவங்களுக்குச் சோறு." குழம்புக் கரண்டி கையிலேயே நின்றது. என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "நீங்க சரியாக் குடுத்திருந்தா அவங்க எங்களுக்குக் கெடைச்சே இருக்க மாட்டாங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். இருபத்திரண்டு ஆண்டில் அந்த மலை என்னிடம் சொன்ன ஒரே நன்றி அது. அதுவும் நர்சம்மாவுக்குச் சேர வேண்டியதுதான். ஆனாலும் நான் வாங்கிக்கொண்டேன்.